நூலுக்கு ஒரு மனை: நவீன பல்கலைக்கழக நூலகமும் கல்முனைக் கரையும்

நூலகத்தின் வரலாறு நூல்களின் வரலாறு மட்டுமன்று. நூலுக்கும் வாசகருக்கும் இடையே நின்ற சுவரின் வரலாறும் ஆகும். பழைய நூலகங்களிற் பல, நூல்களைப் பூட்டிய அறைகளிற் காத்தன. வாசகர் நூலின் பெயரை எழுதிக் கொடுத்துக் காத்திருத்தல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் நவீன கட்டடக்கலை இந்நிலையை மாற்ற வழிசெய்தது. கம்பியிட்ட கொங்கிரீட்டுத் தூண்கள் பாரத்தைத் தாங்கியமையால் உட்சுவர்கள் வேண்டாவாயின. நூலடுக்குகளும் வாசிப்பு மேசைகளும் ஒரே தளத்தில் அருகருகே இடம்பெற்றன. இம்மாற்றம் அம்பாறைக் கரையின் தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களை வந்தடைந்த வழி நீண்டது, அது ஆராயற்பாலது.

கட்டடம் மாறுமுன் கருத்து மாறுதல் வேண்டும். தமிழுலகில் அக்கருத்து மாற்றத்துக்கு வழிகாட்டியவர் 1892ஆம் ஆண்டு சீர்காழியிற் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் ஆவார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற அவர், வாசகர் தாமே அடுக்குகளை அணுகி நூலைத் தெரியும் முறையை அங்கு நிலைநாட்டினார். 1931இல் வெளியான அவரது ஐந்து விதிகளுள் முதலாவது, நூலின் பயன் அது பயன்படுவதிலேயே உளது என்பதை வலியுறுத்துவது.

வெப்ப நாடுகளிலோ இக்கருத்தைச் செயற்படுத்துவதில் ஓர் இடர்ப்பாடு எழுந்தது. வாசகர் வேண்டுவன ஒளியும் காற்றும். தாளுக்குப் பகையாவன வெயிலும் ஈரமும். இம்முரண்பாட்டுக்குக் கட்டடக் கலைஞர் இருவகைத் தீர்வு கண்டனர். மெக்சிக்கோவின் தேசியப் பல்கலைக்கழகத்தில் 1956இல் திறக்கப்பெற்ற மத்திய நூலகத்தில், ஹுவான் ஓ'கோர்மன் நூலடுக்குக் கோபுரத்தின் சுவர்களைப் பெரிதும் மூடி, அவற்றின்மீது இயற்கை வண்ணக் கற்களால் அந்நாட்டு வரலாற்றையே தீட்டினார். நைஜீரியாவின் இபாடானில் மக்ஸ்வெல் பிரையும் ஜேன் டுரூவும் வேறு வழி கண்டனர். நீண்டு ஒடுங்கிய கட்டடத்தைத் துளையிட்ட கொங்கிரீட்டுத் திரைகளாற் போர்த்தி, வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விட்டனர். ஒன்று நூலின் பக்கம் நின்ற தீர்வு. மற்றையது வாசகர் பக்கம் நின்றது எனலாம்.

இலங்கையில் 1942இல் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகம் முதலிற் கொழும்பிலேயே இயங்கியது. 1943இல் அதன் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த சுவாமி விபுலாநந்த அடிகளார் கல்முனைக்கு அண்மையிலுள்ள காரைதீவிற் பிறந்தவர். அரங்கநாதனும் அவரும் ஒரே ஆண்டிற் பிறந்தவர்கள் என்பது சுவையான பொருத்தம். 1952இல் பல்கலைக்கழகம் பேராதனைக்கு இடம்பெயர, உயர்கல்வி நூலகமும் மலைநாடு ஏறிற்று. கரையோர மாணவர்க்கு அது தொலைவே.

அத்தொலைவின் கொடுமையை முன்பே உணர்ந்தவர் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள். 1942இல் போர்க்கால நிருவாகப் பொறுப்பேற்றுக் கல்முனைக்கு வந்த அவர், வயலிலும் கடலிலும் உழைத்த மக்களின் பிள்ளைகள் கல்வியிற் பின்தங்கி நிற்பதைக் கண்டார். அடிகளாரின் நட்பும் அவருக்கு ஊக்கமளித்தது. கல்முனையிலே தோற்றுவித்த முஸ்லிம் கல்விச் சங்கத்தின் பட்டறிவே 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக விரிந்தது. வறிய மாணவரை நூலகத்தின் வாயிலுக்குக் கொண்டு சேர்த்தல் அன்றைய பணி; நூலகத்தையே ஊருக்குக் கொணர்தல் பிற்காலத்தின் பணியாயிற்று.

அப்பணி நிறைவேறுமுன் நாடு பேரிழப்புகளைக் கண்டது. அரங்கநாதனின் ஆலோசனையுடன் எழுந்து 1959இல் திறக்கப்பெற்ற யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ஆம் ஆண்டு எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வெயிலையும் ஈரத்தையும் தடுக்கும் சுவர் மனிதரின் பகையைத் தடுக்காது என்பதை அந்நெருப்பு உணர்த்திற்று. 1990இல் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். கிழக்கிலும் தமிழர் முஸ்லிம் உறவு குருதியிற் சிதைந்தது. யாழ்ப்பாணத்துக்கோ வந்தாறுமூலைக்கோ சென்று கற்பது முஸ்லிம் மாணவர்க்கு அரிதாயிற்று.

இச்சூழலிலேயே, சம்மாந்துறையிற் பிறந்த அமைச்சர் எம். எச். எம். அஷ்ரஃப் அவர்களின் பெருமுயற்சியால் 1995இல் அட்டாளைச்சேனையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கிற்று. 1996இல் அது பல்கலைக்கழகமாக உயர்ந்தது. பின்னர் ஒலுவில் அதன் நிலையான இருப்பிடமாயிற்று. பேராதனைக்கு ஏறிச் சென்ற தலைமுறையின் பிள்ளைகளுக்கு நூலகம் கடலோரத்திலேயே வாய்த்தது.

ஆயினும் கடலோரம் நூலுக்கு எளிய இடமன்று. கீழைக்கரையிற் காலை வெயிலும் கடற்காற்றும் ஒரே திசையிலிருந்து வருவன. காற்றுக்காகத் திறக்கும் யன்னல் வெயிலையும் உப்பையும் கூடவே அழைக்கும். உப்பு கொங்கிரீட்டினுள் ஊறிக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு பருத்துத் தூணைப் பிளக்கும். கச்சான் காற்றில் தாள் உலர்ந்து முறுகும்; மாரியிற் பூஞ்சணம் படரும். குளிரூட்டிகள் இடையறாது இயங்கின் ஈரம் குறையும். மின்சாரம் தடைப்படின் அது மீண்டும் புகும். 2004ஆம் ஆண்டின் கடற்கோள் அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தபோது, மருதமுனை முதல் சாய்ந்தமருது வரையுள்ள வீடுகளோடு அவ்வீடுகளிலிருந்த ஏடுகளும் தாள்களும் கடலோடு போயின. எனவே இக்கரையில் நூலகம் என்பது வாசிக்கும் இடம் மட்டுமன்று. வீட்டுப் பெட்டிகளில் எஞ்சியுள்ள அறபுத்தமிழ்ப் பிரதிகளுக்கும், ஊர்ப் புலவர் பாடல்களுக்கும், வாய்மொழியாக வழங்கும் கவிகளுக்கும் அதுவே அடைக்கலமாதல் வேண்டும்.

நவீன நூலகம் நூலுக்கும் வாசகருக்கும் இடையேயிருந்த சுவரை அகற்ற எழுந்தது. பிரிவினாற் பிறந்த ஒலுவில் வளாகத்தில் இன்று முஸ்லிம், தமிழ், சிங்கள மாணவர் ஒருங்கு கற்கின்றனர். ஒரே மேசையில் அவர்கள் நூல் விரித்து அமரும்போதே மனிதர்க்கிடையே எழுந்த சுவரும் அகலத் தொடங்கும். கட்டடத்தைச் சீமெந்து தாங்கலாம். நூலகத்தைத் தாங்குவது அதனைத் தமதெனக் கருதும் மக்களின் உளமே.