உடவத்தகெலே காட்டுக்குள்ள ஒரு போர்க்கைதி

கண்டி உடவத்தகெலே காட்டுக்குள்ள இருக்கிற ஆச்சிரமத்தை 'வெள்ளைக்காரச் சாமிமாரின்ர இடம்' என்று கடந்துபோறம். அங்கே 1994இல் இறந்த ஞானபொனிக தேரர் ஒரு ஜெர்மன் யூதர். ஹிட்லரின் ஆட்சி வந்தபின் 1936இல் இலங்கைக்கு வந்தவர். 1939இல் போர் தொடங்க, பிரிட்டிஷ் அரசு அவரையே எதிரி நாட்டவர் என்று தியத்தலாவை முகாமில் அடைத்தது. பாஸ்போர்ட்டைப் பார்த்து ஆளைப் பிடிக்கிறது எங்களுக்குத் தெரியாததா?

1900இல் தென்னாபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஏறத்தாழ 5,000 போயர் போர்க்கைதிகளை அடைத்ததும் தியத்தலாவையில்தான். ஞானபொனிகரின் குரு ஞானதிலோகரும் ஜெர்மன்காரர். அவருக்கு இது இரண்டாந்தரம், முதல் உலகப்போரிலும் அங்கே இருந்தவர். பிறகு இருவரையும் டேராடூன் முகாமுக்கு ஏற்றினார்கள். முட்கம்பிக்குள் இருந்தே ஞானபொனிகர் பாளி நூல்களை ஜெர்மனில் பெயர்த்தார். 1946இல் விடுதலை.

தியத்தலாவையில் இப்ப இராணுவம். போயர்களின் கல்லறைகளும் உண்டு. கண்டியில், அவர் 1958இல் தொடங்கிய பௌத்த வெளியீட்டுச் சங்கம் வாவிக்கரையில் இன்னும் புத்தகம் விற்கிறது.