தாழ்ந்த ஒலியின் வரலாறு

மனிதச் செவி செக்கனுக்கு 20 அதிர்வு முதல் ஏறத்தாழ 20,000 அதிர்வு வரையுள்ள ஒலிகளைக் கேட்கவல்லது. ஆயின் நம் இல்லங்களிற் கணினியின் இருமருங்கும் இருக்கும் சிறு ஒலிபெருக்கிகள் 100 அதிர்வுக்குக் கீழே பெரும்பாலும் ஊமையாகிவிடுகின்றன. மிருதங்கத்தின் வலந்தலை தெளிவாகக் கேட்க, இடந்தலையின் கும்காரம் மெலிவது இதனாலேயே. இவ்விழப்பை நாம் உணர்வதுமில்லை. மேற்சுரங்களைக் கொண்டு, இல்லாத அடிச்சுரத்தை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது.

தாழ்ந்த ஒலியை எழுப்ப மிகுந்த காற்றை அசைத்தல் வேண்டும். 1925ஆம் ஆண்டில் அமெரிக்க ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெலொக் என்னும் இருவர், காந்தப் புலத்திற் கம்பிச்சுருள் அசைந்து கூம்பை அதிரச்செய்யும் ஒலிபெருக்கியை விவரித்தனர். எனினும் ஆழ்ந்த ஒலிக்குப் பெரும் பேழைகளே தேவைப்பட்டன. 1954இல் எட்கர் வில்ச்சர், மூடிய பேழையினுள் அடைபட்ட காற்றையே வில்லாகப் பயன்படுத்தி, சிறு பேழையிலும் ஆழ்ந்த ஒலியைப் பெறலாமென நிறுவினார்.

1974இல் வெளிவந்த 'எர்த்குவேக்' திரைப்படத்துக்காக அரங்குகளிற் பெரும் தாழ்சுர ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. நிலநடுக்கத்தை மக்கள் செவியால் மட்டுமன்றி உடலாலும் உணர்ந்தனர்.

கணினியோ மிக எளிய நிலையிலிருந்து தொடங்கியது. 1981இல் வந்த ஐ.பி.எம். கணினிக்குள் ஒரு சிறு ஒலிபெருக்கியே இருந்தது. 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் என்னும் ஒலி அட்டை வெளிவந்தது. 1990களில், இரு சிறு ஒலிபெருக்கிகளுடன் ஒரு சப்வூபரும் சேர்ந்த தொகுதிகள் மேசைகளை வந்தடைந்தன.

ஒன்று மட்டும் போதுமானது எங்ஙனம்? 40 அதிர்வுடைய ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 8.5 மீற்றர். இரு செவிகளுக்கும் இடையிலுள்ள தூரமோ ஒரு சாணளவே. ஆதலின் அத்தகைய ஒலி எத்திசையிலிருந்து வருகிறதெனச் செவி அறிவது அரிது. பேழையை மேசையின் கீழ் வைத்தாலும், அதன் ஒலி எதிரிலுள்ள ஒலிபெருக்கிகளிலிருந்தே எழுவதுபோலத் தோன்றும்.

எனவே, நேயர்களே, சப்வூபரை இணைப்போர் கைக்கொள்ள வேண்டிய விதியும் இதிலிருந்தே பிறக்கிறது. சிறு ஒலிபெருக்கிகள் ஓயும் இடத்தில் அது தொடங்கவேண்டும், தனித்து முழங்கலாகாது. சுவரின் மூலைக்கு நெருங்க நெருங்க அதன் ஓசை பெருகும். தாழ்ந்த ஒலி சுவர்களையும் கடந்து அயலார் உறக்கத்தைக் கலைக்கும். பேழை இருக்குமிடம் கேட்போருக்குப் புலப்படாதவரை அதன் அளவு சரியானது; புலப்படுமாயின் சற்றே குறைத்தல் நன்று.