இருக்கன்குடி வட்டாரமும் தீக்காப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

துன்பம் வருமுன்னே தன்னைக் காத்துக்கொள்ளாதவனின் வாழ்க்கைக்குத் திருவள்ளுவர் காட்டும் உவமை, தீயின் முன் கிடக்கும் வைக்கோற்போர். ‘குற்றங்கடிதல்’ அதிகாரத்தில் வரும் இவ்வுவமைக்குக் கரிசல் மண்ணில் பிறந்தோர் உரை தேட வேண்டியதில்லை. கொல்லையில் படப்பும், கூரையில் பனையோலையும், அடுப்படியில் பருத்திமாரும் இருந்த ஊர்களில் ஒரு பொறி என்ன செய்யும் என்பதைக் குழந்தையும் அறிந்திருந்தது. அந்த அச்சத்திலிருந்தே நம் ஊர்கள் தீயை எதிர்கொள்ளும் முறைமை ஒன்றை வகுத்துக்கொண்டன.

சென்ற நூறாண்டுகளில் இவ்வட்டாரத்துத் தீயின் தன்மை மாறிவிட்டது. தீயை எதிர்கொள்ளும் முறைமையோ மாறவில்லை. இவ்விரண்டுக்கும் இடையே தோன்றிய பிளவில் பல உயிர்கள் மாய்ந்துள்ளன. அப்பிளவின் வரலாற்றைச் சாத்தூர் வட்டத்து இருக்கன்குடியிலிருந்து தொடங்கி நோக்குவதும், நம் இல்லங்கள் அதனின்று கொள்ளத்தக்க பாடத்தைக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஓலையும் அடுப்பும்

வைப்பாறும் அருச்சுனா ஆறும் கூடுமிடத்தில் அமைந்தது இருக்கன்குடி. ‘இரு கங்கைக்குடி’ என்பதே இப்பெயராயிற்று என்பர். ஆறுகள் இரண்டாயினும் ஆண்டின் பெரும்பகுதியில் கண்ணுக்குத் தெரிவது மணலே. இங்குள்ள மாரியம்மன் கோயிலின் தலவரலாறு, சாணம் பொறுக்க வந்த ஒரு பெண்ணிலிருந்து தொடங்குகிறது. அவள் இறக்கி வைத்த கூடையை மீண்டும் எடுக்க இயலவில்லை. அவ்விடத்தில் அம்மன் திருமேனி வெளிப்பட்டது என்பது மக்கள் வழக்கு. சாணம் இந்நிலத்தில் வயலுக்கு உரம். வரட்டியானால் அடுப்புக்கு எரிபொருள். விறகு அரிதான மண்ணில் அடுப்பெரிக்க அலைந்த பெண்டிரின் வாழ்க்கை இக்கதைக்குள் பதிந்திருக்கக் காண்கிறோம்.

ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை இங்குப் பெருந்திரள் கூடும். நேர்த்திக்கடனாக அக்கினிச்சட்டி ஏந்தி வருவோர் பலர். சட்டி ஏந்துவோர்க்கு நோன்பு உண்டு. சட்டிக்கடியில் வேப்பிலை உண்டு. எதிர்ப்படுவோர் தாமே விலகி வழிவிடும் வழக்கம் உண்டு. நெருப்பைக் கையிலெடுக்க ஓர் ஒழுங்கு வேண்டும் என்பதை மக்கள் வழிபாடு நன்கறிந்திருந்தது.

இல்லங்களிலும் அவ்வொழுங்கு இருந்தது. களத்தையும் வைக்கோற் படப்பையும் குடியிருப்புக்குப் புறத்தே வைத்தனர். படுக்கச் செல்லுமுன் அடுப்புக் கனலைச் சாம்பலால் மூடினர். ஆடிக்காற்று வீசும் நாள்களில் ஒரு வீட்டுப் பொறி ஒரு தெருவையே கொள்ளும் என்பதால், ‘தீ’ என்னும் கூப்பாடு கேட்டவுடன் ஊரே ஓடியது. ஆடவர் பக்கத்து வீட்டுக் கூரைமேல் ஏறி, எரியாத கீற்றைப் பிரித்தெறிந்து தீயின் வழியை அறுத்தனர். பெண்டிர் கிணற்றடியிலிருந்து குடங்களோடு வந்தனர். சிலர் நனைத்த சாக்கால் அடித்தனர். சிலர் மணலை வாரி இறைத்தனர். ஓடி வராதவனை ஊர் தன்னவனாகக் கொள்ளவில்லை.

இம்முறைமை அறிவுக்கு ஒத்ததே. எரிவதற்கு எரிபொருள், வெப்பம், காற்று ஆகிய மூன்றும் வேண்டும். கீற்றைப் பிரித்தால் எரிபொருள் விலகும். நீர் வெப்பத்தைத் தணிக்கும். சாக்கும் மணலும் காற்றைத் தடுக்கும். பள்ளி செல்லாத மக்கள் பட்டறிவால் கண்ட இம்முறை, ஓலைக்கூரைத் தீக்குப் பெரிதும் பொருந்தியது. வேறொரு தீக்கு அது பொருந்தாது என்பதை அவர்கள் அறிய வேண்டிய தேவை அன்று எழவில்லை.

மருந்து வந்த வரலாறு

1922இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, 1923இல் ஊர் திரும்பினர். வானம் பொய்த்தால் வயிறு காயும் மானாவாரி நிலம் இது. காற்றில் ஈரம் குறைந்த அவ்வறட்சியே குச்சியும் அட்டையும் உலர்வதற்கு ஏற்றதாயிற்று. உழவுக்குக் குறையாயிருந்தது தொழிலுக்கு நிறைவாயிற்று. 1940இல் வெடிபொருள் விதிகள் உரிம முறையை வகுத்தன. இரண்டாம் உலகப்போரால் அயல்நாட்டுப் பட்டாசு வரத்துத் தடைப்பட்ட அக்காலத்தில் சிவகாசியில் பட்டாசுத் தொழில் வேரூன்றியது. பின்னர்ச் சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளிலும் அது பரவி, உழவுக்கு வழியற்ற குடும்பங்களுக்குச் சோறிட்டது. அந்நன்றியை மறந்து இவ்வரலாற்றை எழுத இயலாது.

பட்டாசுக் கலவைக்கு இங்கு வழங்கும் பெயர் ‘மருந்து’. நோய் தீர்க்கும் பொருளுக்கும் உயிர் குடிக்க வல்ல பொருளுக்கும் ஒரே சொல். நாள்தோறும் நாவில் புழங்கிய அச்சொல்லே அப்பொருளைப் பற்றிய அச்சத்தையும் குறைத்துவிட்டதோ என எண்ணத் தோன்றுகிறது.

தொழில் வளர்ந்தபோது வேலையின் ஒரு பகுதி வீட்டுத் திண்ணைக்கு வந்தது. தீப்பெட்டி ஒட்டுதலும் காகிதக் குழாய் உருட்டுதலும் பெண்டிர்க்குக் கைச்செலவுக்கு உதவின, அவற்றில் தீங்கில்லை. ஆனால், அதே திண்ணை வழியாகத் திரியும் மருந்தும் சில வீடுகளுக்குள் நுழைந்தன. உரிமமின்றி வீட்டிலேயே பட்டாசு செய்தலும், மீந்த மருந்தை மறைத்து வைத்தலும் அவ்வாறு வந்தவையே. அடுப்பும் விளக்கும் குழந்தையும் உள்ள இடத்தில் மருந்தும் குடியேறியது.

இருவகைத் தீ

ஓலைத்தீக்கும் மருந்துத்தீக்கும் உள்ள வேறுபாட்டை ஒவ்வோர் இல்லமும் அறிதல் வேண்டும். கரிமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரித்தூள் ஆகியவற்றின் கலவை. வெடியுப்பு சூடேறும்போது எரிதலுக்கு வேண்டிய உயிர்வளியைத் தானே ஈனும். மணலால் மூடினாலும் சாக்கால் போர்த்தினாலும் மருந்துத்தீ அடங்காமைக்குக் காரணம் இதுவே. காற்றைத் தனக்குள்ளேயே கொண்ட தீ அது. அலுமினியத் தூள் சேர்ந்த கலவையில் சிறிது ஈரம் பட்டாலே உள்ளே வெப்பம் பெருகக்கூடும். அதன்மேல் அரைக்குடம் நீரை ஊற்றுவது நெருப்பை வளர்ப்பதாகவும் முடியலாம். உராய்வும், சிறு அடியும், உலர்ந்த காற்றில் ஆடையிலும் உடலிலும் சேரும் நிலைமின்சாரமும் இதைப் பற்றவைக்கப் போதும். குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை எளிதில் வெடிக்குமாதலால் 1992இல் மைய அரசு அதனைத் தடை செய்தது.

வெடிபொருள் விதிகளை ஊன்றிப் படிப்போர்க்கு அவற்றின் உயிர்நாடி ‘இடைவெளி’ என்னும் ஒரே சொல்லில் அடங்குவது புலப்படும். கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடைவெளி வேண்டும். ஓர் அறையில் இருக்கத்தக்க மருந்துக்கும் ஆளுக்கும் வரம்பு வேண்டும். கதவுகள் வெளிப்புறமாகத் திறத்தல் வேண்டும். ஒன்று வெடித்தாலும் மற்றொன்று பிழைக்க வேண்டும் என்பதே இவற்றின் கருத்து. தொழிலகத்துக்கு இவ்வறிவைச் சட்டம் கற்பித்தது. சுற்றியுள்ள ஊர்களுக்கு இதைக் கற்பிப்பாரில்லை.

முதலிப்பட்டி

அதன் விளைவு 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் வெளிப்பட்டது. அங்கிருந்த பட்டாசு ஆலையில் தீப்பற்றியதும், வெடியோசை கேட்டுச் சுற்று வட்டாரத்து மக்கள் ஓடிவந்தனர். மீட்க வந்தோரும் பார்க்க வந்தோரும் ஆலையை அணுகியிருந்த வேளையில் மீண்டும் பெரிதாக வெடித்தது. ஏறத்தாழ 40 பேர் இறந்த அவ்விபத்தில் மாண்டோருள் பலர் ஆலையில் வேலை செய்தோர் அல்லர், ஓடிவந்தவர்கள்.

அவர்களைக் குறை கூறுதல் தகாது. பாட்டனும் பாட்டியும் கற்பித்த அறத்தையே அவர்கள் செய்தனர். கூப்பாடு கேட்டால் ஓடு என்பதே இம்மண்ணின் பாடம். ஓலைக்கூரைக் காலத்தில் ஊரைக் காத்த அப்பாடம், மருந்துத்தீயின் முன் ஊரையே பலி கொண்டது. தீக்குச் ‘சேர்ந்தாரைக்கொல்லி’ என்றொரு பெயரை வள்ளுவரிடம் காண்கிறோம். சினத்தின் கொடுமையைச் சொல்ல அவர் ஆண்ட பெயர் அது. தன்னைச் சேர்ந்தாரைக் கொல்வது என்னும் அதன் நேர்ப்பொருளை முதலிப்பட்டி நமக்குக் காட்டிவிட்டது.

இத்துயரம் நமக்கு மட்டும் உரியதன்று. 1944 ஏப்ரல் 14ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் ‘போர்ட் ஸ்டிகின்’ என்னும் கப்பலில் தீப்பற்றியது. பஞ்சுப் பொதிகளும் வெடிபொருள்களும் ஒரே கப்பலில் ஏற்றப்பட்டிருந்தன. அணைக்கும் பணி நடந்துகொண்டிருந்தபோதே கப்பல் வெடித்தது. தீயணைப்பு வீரர்கள் 66 பேர் அப்பணியில் உயிர் நீத்தனர். அந்நாளையே நாடெங்கும் தீத்தொண்டு நாளாகக் கடைப்பிடிக்கிறோம். பயிற்சி பெற்றோரே தப்ப இயலாத தீயின் முன் வெறுங்கையோடு சென்ற நம் மக்கள் என்ன செய்திருக்க இயலும்?

2016 அக்டோபர் 20ஆம் நாள் சிவகாசி நகரில் பட்டாசுக் கிடங்கொன்று எரிந்தபோது, அடுத்திருந்த ஸ்கேன் மையத்தில் இருந்தோர் 8 பேர் புகையால் மூச்சுத் திணறி இறந்தனர். நெருப்பு தீண்டாத இடத்திலும் புகை உயிரைப் பறிக்கும் என்பதற்கு அது சான்று. 2021 பிப்ரவரி 12ஆம் நாள் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னும் இவ்வட்டாரம் பல விபத்துகளைக் கண்டுவிட்டது.

இல்லத்தின் ஆயத்தம்

சென்னையில் 1908இல் தொடங்கிய தீயணைப்புப் பணி இன்று மாநிலமெங்கும் விரிந்துள்ளது. 1985இல் அதற்கெனத் தனிச்சட்டமும் வந்தது. எனினும் வண்டி வந்து சேரும்வரை உள்ள முதற் சில நிமிடங்கள் இல்லத்தாரின் கையிலேயே உள்ளன.

மருந்துத்தீ என்று தெரிந்தால் அணுகாமல் விலகி ஓடுதலே முதற்கடமை. காற்று வரும் திசையாக, புகைக்கு எதிர்ப்புறமாக விலகி, சுவரின் மறைவில் நிற்றல் வேண்டும். 101 அல்லது 112 எண்ணுக்கு அழைத்து, ஊர், அடையாளம், உள்ளே இருக்கும் பொருள் ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், காயமுற்றோர்க்கு 108. முதல் வெடியோடு அடங்கிவிட்டது என்று எண்ணுதல் பெரும்பிழை. தீயணைப்பு வீரர் சொல்லும்வரை ஒருவரும் நெருங்கலாகாது. மருந்தும் திரியும் எந்த அளவிலும் வீட்டுக்குள் நுழையலாகாது. கூலி எவ்வளவாயினும் வீட்டுப் பெண்கள் இதில் உறுதியாக நிற்றல் வேண்டும்.

ஓலைத்தீயின் காலமும் முற்றிலும் கழிந்துவிடவில்லை. 2004 ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியில் சமையற்கூடத்துத் தீ கீற்றுக்கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைக் கொன்றதை நாம் மறக்கலாகாது. அடுப்படிக்கு மேல் கீற்று இருத்தல் கூடாது. எரிவாயு அடுப்பு இன்று சிற்றூர்களிலும் வந்துவிட்டது. வாயு நாறினால் மின்விசையைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேற வேண்டும். புகை சூழ்ந்தால் குனிந்தும் தவழ்ந்தும் வெளியேறுக. நகைக்கும் பத்திரத்துக்கும் திரும்பிச் செல்லற்க.

ஆடையில் தீப்பற்றினால் ஓடாமல் தரையில் படுத்துப் புரள வேண்டும். அருகிலிருப்போர் கெட்டியான பருத்தித் துணியாலோ கம்பளியாலோ போர்த்தலாம். சுட்ட புண்ணில் மாவு, மை, பற்பசை, எண்ணெய் இடுவது தவறு. தூய தண்ணீரை இருபது நிமிடங்கள் மெல்ல ஓடவிட்டு, வீங்குமுன் வளையலையும் மோதிரத்தையும் கழற்றி, தூய துணியால் மூடி மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. புண்ணில் ஒட்டிய துணியைப் பிய்த்தல் ஆகாது. வீட்டிலிருந்து வெளியேற வழிகள் எவை, முதியோரையும் கைக்குழந்தையையும் யார் எடுப்பது, எந்த மரத்தடியில் கூடுவது என்பவற்றைக் குடும்பத்தோடு ஒரு மாலைப்பொழுதில் பேசி முடிவு செய்தல் போதும். செலவில்லாத காப்பு இது.

நிறைவாக

ஓடிவருதல் என்னும் ஊர் அறம் அழிய வேண்டியதில்லை. அதன் வடிவம் மாற வேண்டும். ஆலையில் புகை எழும் நாளில் ஊர் முகப்பில் நின்று கை நீட்டி இளைஞரைத் தடுப்பவரும், குழந்தைகளை அழைத்துக்கொண்டு எதிர்த்திசையில் நடப்பவரும் ஊரைக் காப்பவரே. தடுத்தவரைக் கல்நெஞ்சர் என்று எவரும் ஏசலாகாது. இதனை அரசாணையால் மட்டும் கற்பிக்க இயலாது. வில்லுப்பாட்டாலும் கும்மியாலும் தெருமுனை நாடகத்தாலும் மக்கள் நாவில் ஏற்ற வேண்டும். பத்தாண்டு நிறைந்த நம் இலக்கிய வட்டத்தார்க்குப் பதினொன்றாம் ஆண்டின் பணியாக இதனை முன்வைக்கிறேன். இருக்கன்குடியில் ஆடித்திரள் கூடும் நாளைக் காட்டிலும் இதற்கேற்ற மேடை வேறில்லை. சட்டி ஏந்துவோர்க்கு விலகி வழிவிடத் தெரிந்த மக்களுக்கு, மருந்துத்தீக்கும் விலகி நிற்கக் கற்பித்தல் அரிதன்று.