கயிறும் தூதும்: கொலாஜன் ஆராய்ச்சியிற் சென்னையின் பங்கு

இலங்கைப் பல்கலைக்கழகம் பேராதனைக்குக் குடிபெயர்ந்த 1952ஆம் ஆண்டிலேயே, கடலுக்கு அப்பாற் சென்னைப் பல்கலைக்கழகத்திற் பௌதிகவியற் பேராசிரியராகப் பொறுப்பேற்றார் ஜி. என். இராமச்சந்திரன். எர்ணாகுளத்திற் பிறந்து, பெங்களூரிற் சர் சி. வி. இராமனிடம் பயின்ற அவருக்கு அப்பொழுது வயது ஏறக்குறைய முப்பது. அங்கு வந்த இலண்டன் விஞ்ஞானி ஜே. டி. பேர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் எவர்க்கும் பிடிபடவில்லை என்று கூறியதே அவரை அத்துறைக்கு இழுத்தது என்பர்.

தோலையும் என்பையும் தசைநாணையும் கட்டி நிறுத்தும் புரதமே கொலாஜன். கங்காருவின் வால் நாணை எக்ஸ் கதிர் கொண்டு ஆராய்ந்த இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், அது மூன்று சங்கிலிகளாலானது என 1954இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினர். அம்மூன்றும் கயிற்றின் புரிகள்போல ஒன்றையொன்று சுற்றி முறுக்குண்டவை என 1955இல் தாமே திருத்தினர். கொலாஜனில் ஒவ்வொரு மூன்றாவது அமினோ அமிலமும் கிளைசீனாக இருப்பதன் காரணமும் இதனால் விளங்கிற்று. முப்புரியும் நெருங்கும் நடுவிடத்தில் மிகச் சிறியதான கிளைசீனுக்கன்றி வேறெதற்கும் இடமில்லை.

அவ்வாண்டின் இறுதியிற் கேம்பிரிட்ஜிலிருந்து ரிச்சும் கிரிக்கும் மறுப்பொன்று வெளியிட்டனர். முப்புரியை அவர்கள் ஏற்றனர்; ஆனாற் சென்னை அமைப்பில் அணுக்கள் சில அளவு மீறி நெருங்கியுள்ளன என்றனர். மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஐதரசன் பிணைப்புகள் என்றது சென்னை. ஒன்றே என்றது கேம்பிரிட்ஜ். 1994இல் வெளியான பளிங்கமைப்பு ஒன்றே எனக் காட்டிற்று. இதனை மறைத்து எழுதுவது வரலாறாகாது. எனினும் பிணைப்பின் எண்ணிக்கை பிழைத்தமையால் முப்புரியைக் கண்ட முதன்மை பறிபோய்விடாது.

இராமச்சந்திரன் அக்குறையைப் புறந்தள்ளவில்லை. அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம்? அதுகாறும் அறியப்பட்ட பளிங்குகளிலிருந்து அத்தூரங்களை அவர் குழுவினர் திரட்டினர். பெப்தைட்டுச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் தாராளமாகத் திரும்பக்கூடிய கோணங்கள் இரண்டே. அவை இரண்டையும் வரைபடத்தில் இட்டு, அணுக்கள் மோதும் இடங்களை நீக்கியபோது பெரும்பகுதி விலக்கப்பட்ட நிலமாயிற்று. இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் 1963இல் வெளியிட்ட இதுவே இராமச்சந்திரன் வரைபடம். எதிராளி சுட்டிய குறையிலிருந்தே அது பிறந்தது என்பது, கலைப்பீடத்து மாணவனாகிய எனக்கு, அதன் கணிதத்தினும் சுவையானதாகத் தோன்றுகின்றது.

அக்காலத்திற் கொலாஜன் பெரும்பாலும் கயிறாகவே கருதப்பட்டது. அது தூதும் உரைக்கும் என்பது வேறொரு துறையின் வழியாகவே தெரியவந்தது. மருந்துகள் கலத்திலுள்ள ஏதோவொரு ‘வாங்கும் பொருளில்’ தாக்கம் புரிகின்றன என்று 1905இல் லாங்லி கூறினார். வாங்கிகள் எனப்படும் அவற்றுள், கலமென்சவ்வை ஏழுமுறை ஊடறுத்து நின்று வெளிச் செய்தியை உள்ளிருக்கும் ஜீ புரதத்துக்குக் கையளிக்கும் இனத்தை ஆராய்ந்தமைக்காக லெவ்கோவிற்ஸும் கோபில்காவும் 2012இல் நோபல் பரிசு பெற்றனர். அவ்வினத்தில், அயற்கலங்களையும் இழைய நார்களையும் பற்றக்கூடிய நீண்ட வெளிப்பகுதியுடைய ஒட்டல் வாங்கிகள் மனிதனில் முப்பத்துமூன்று உள.

அவற்றுள் ஒன்றான ஜீ.பீ.ஆர். 56 விகாரமடைந்த குழந்தைகளில் மூளையின் மடிப்புகள் பிறழ்ந்து அமைகின்றன என 2004இற் காணப்பட்டது. வலிப்பும் அறிவு வளர்ச்சிக் குறைவும் அவர்களை வருத்துவன. இவ்வாங்கியிற் பிணையும் பொருள் எதுவெனத் தேடியோர் 2011இற் கண்டது மூன்றாம் வகைக் கொலாஜனை! வளரும் மூளையின் புற எல்லையில் நிற்கும் கொலாஜன், அங்கு வந்து சேரும் நரம்புக்கலங்களை அதற்கு மேற் செல்லாது தடுக்கின்றது. அத்தடை தவறினால் அவை எல்லையை உடைத்து வெளியேறுகின்றன.

தடுக்கும் அச்செய்தி உட்புகுவது எவ்வாறு? இவ்வாங்கிகளுட் பல, தம் வெளிப்பகுதியில் ஓரிடத்தில் தம்மைத் தாமே அறுத்துக்கொள்வன. ஆயினும் இரு துண்டுகளும் பிரியாது ஒட்டி நிற்கும். அறுக்கும் பகுதியின் அமைப்பு 2012இல் தெளிவாயிற்று. அறுவாயை அடுத்து ஒளிந்திருக்கும் குறும்பெப்தைட்டே வாங்கியைத் தூண்டுகின்றது என 2014இல் லைப்சிக் நகர ஆய்வாளர் வேறிரு ஒட்டல் வாங்கிகளிற் காட்டினர். முள் எனப் பொருள்படும் ஜேர்மன் சொல்லை அதற்குப் பெயராக இட்டனர். அதே பெப்தைட்டைச் செயற்கையாக ஆக்கி இட்டபோதும் வாங்கி விழித்தது. தூண்டும் பொருளைப் பிற வாங்கிகள் வெளியிலிருந்து பெற, இவை தம்முள்ளேயே கட்டி வைத்திருக்கின்றன. அடுத்த ஆண்டில் ஜீ.பீ.ஆர். 56க்கும் இஃது உறுதியாயிற்று. கொலாஜன் பிணைந்து வெளித்துண்டை இழுத்து அகற்றுவதால் முள் வெளிப்படுகின்றதென்பார் ஒரு சாரார். அகற்றாமலே அசைவினாற் செயற்படலாம் என்பார் மற்றொரு சாரார். வழக்கு இன்னும் தீரவில்லை.

2022இல், உறைநிலை இலத்திரன் நுணுக்குக்காட்டியின் துணையால், அம்முள் கொளுக்கிபோல் வளைந்து ஏழு சுருள்களின் நடுவே செருகி நிற்பதை ஆய்வாளர் கண்டனர். அவ்வாறு பெறப்படும் அமைப்புகளை வெளியிடும் கட்டுரைகளின் அட்டவணையில் ஒரு வரி தவறாது இடம்பெறும்: சங்கிலியின் கணுக்களில் எத்தனை வீதம் இராமச்சந்திரன் வரைபடத்தின் அனுமதிக்கப்பட்ட நிலத்தினுள் வீழ்கின்றன என்பது.