செதில் மரத்தின் சுற்றம்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிச் சிற்றூர்களில் வாழும் தமிழர் ஊர் பெயர்ந்தவர் அல்லர். 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு முதலிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. இருந்த இடத்திலேயே அவர்கள் எல்லைக்கு அப்பாலாயினர். அவ்வூர்களை ஊட்டும் நெய்யாறு பிறப்பது அகத்திய மலையில். அம்மலையின் ஈரநிழலில் பாசிபோல் தரையோடு படரும் செலாஜினெல்லா என்னும் சிறுசெடியின் குலவரலாற்றை இன்று நாம் காண்போம்.

ஏறக்குறைய 31 கோடி ஆண்டுகளுக்கு முன், ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிடந்தன. அங்கிருந்த சதுப்பு வனங்களில் 100 அடி ஓங்கி நின்றது லெபிடோடெண்ட்ரான். இலையுதிர்ந்த வடுக்கள் மீன்செதில்போல் பதிந்திருந்தமையால், 'செதில் மரம்' எனப் பொருள்படும் அப்பெயரை 1820இல் ஸ்டெர்ன்பர்க் என்னும் அறிஞர் இட்டார். அதற்குப் பூ இல்லை. நுண்ணிய வித்துகளால் இனம் பெருக்கியது. வீழ்ந்த மரங்கள் சேற்றுநீரில் முற்றும் மட்காமல் அடுக்கடுக்காய்ப் புதைந்து நிலக்கரியாயின. சதுப்புகள் வறளவே அவ்வனங்கள் அழிந்தன.

நம் நாட்டுக் கரியின் கதை வேறு. 1774இல் கரி தோண்டத் தொடங்கிய ராணிகஞ்சிலும், ஜரியாவிலும் கிடைப்பது சற்றுப் பிற்காலத்துக் கிளாசாப்டெரிஸ் வனங்களின் எச்சம். நாக்குப் போன்ற இலையுடைய அம்மரம் ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா ஆகிய நிலங்களிலும் புதைந்துள்ளது. இவையெல்லாம் ஒருகாலத்தில் கோண்டுவானா என்னும் ஒரே நிலமாய் இருந்தமைக்கு அதுவும் ஒரு சான்று.

பாறசாலைப் பாறைகளில் இம்மரங்களைத் தேடிப் பயனில்லை. அப்பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே பெருவெப்பத்தில் உருமாறியவை. ஆயினும் செதில் மரத்தின் சுற்றம் அற்றுப்போகவில்லை. நெய்யாற்றுத் தலைப்பின் செலாஜினெல்லா அதன் தூரத்து உறவு. அதனினும் நெருங்கிய உறவு ஐசோயிட்டிஸ். மழைக்குட்டையில் புல்போல் முளைத்து, கோடையில் இலை காய்ந்தபின் மண்ணுள் உறங்கிக் கிடக்கும் செடி. அவ்வினத்தில் ஒன்றுக்கு 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இடப்பட்ட பெயர் கோரமண்டலினா. அது நம் சோழமண்டலக் கரையின் பெயரே!

ஓங்கிய மரங்கள் மறைந்தன. ஒடுங்கி வாழ்ந்த சுற்றம் பிழைத்தது. ஆனால் குட்டையைத் தூர்த்தால் அதுவும் அவ்விடத்தில் மாளும். மழைக்காலத்தில் ஊர் திரும்பும் அன்பர்கள், புல்லென்று கடக்குமுன் சற்றுக் குனிந்து பாருங்கள். அங்கே நிற்பது நிலக்கரி வனத்தின் உறவாயிருத்தல் கூடும்.