முன் ஷொக்கை வீட்டில் கழற்றிப் பெயின்ட் பூசுவது

களனி கங்கை பெருகினால் கொலன்னாவையின் தாழ்ந்த பகுதிகளில் மோட்டார் சைக்கிள்களும் நீரில் நிற்கும். 2016 மே மாதம் நடந்ததும் அதுவே. பிறகு முன் ஷொக்கின் பெயின்ட் உரிந்து நிற்கும் வண்டியை வீட்டிலேயே கழற்றிப் பூச நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது கழற்றும் ஒழுங்கை.

மேல் கிளாம்பைத் தளர்த்தி, குழாய் வண்டியில் இருக்கும்போதே மேல்மூடியைச் சற்று இளக்குங்கள். எஞ்சினுக்கு அடியில் முட்டுக்கொடுத்துச் சில்லைக் கழற்றிய பிறகு, அடியிலுள்ள அலன் போல்ட்டை இளக்குங்கள். ஸ்பிரிங் உள்ளே அழுத்திக்கொண்டிருக்கும்வரைதான் அது இலகுவில் கழலும். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டால் உள்தண்டும் சேர்ந்து சுற்றும். பலர் பாதியில் கராஜுக்கு ஓடுவது இதனால்தான். மேல்மூடியை முழுதாகக் கழற்றும்போது முகத்தை விலக்கி வையுங்கள், ஸ்பிரிங் அதைத் தூக்கியெறியும்.

பெயின்ட் வெளிக்காலுக்கு மட்டுமே. சீல் அமரும் இடத்தையும் அச்சுத் துளையையும் டேப்பால் மூடுங்கள். குரோம் குழாயில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். சீல் உரசும் பகுதியில் துருக்குழி தட்டுப்பட்டால் குழாயையே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் புதிய ஒயில் சீலும் கிழிந்து, ஒயில் முன் பிரேக்கில் வடியும், பிரேக் பிடிக்காது.