வஜீர் சந்தையில் பிறந்த சமாதானம்

கென்யாவின் வடகிழக்கில், சோமாலியாவை ஒட்டிய வறண்ட சீமை வஜீர். ஒட்டகமும் ஆடுமாடும்தான் அங்கே சொத்து. மக்களில் பெரும்பாலோர் சோமாலிகள். அஜுரான், டெகோடியா, ஒகாடேன் எனக் குலம் குலமாக வாழ்பவர்கள். தண்ணீருக்கும் மேய்ச்சலுக்கும் சண்டை மூள்வதும், குலப் பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்ப்பதும் அங்கே வழிவழியாக நடந்துவந்ததுதான்.

1990களின் தொடக்கத்தில் அந்தப் பேச்சு எடுபடாமல் போனது. 1991இல் சோமாலிய அரசு கவிழ்ந்ததும் அகதிகளோடு துப்பாக்கிகளும் எல்லை தாண்டி வந்தன. கூடவே கடும் வறட்சி. 1992 தேர்தல் குலப்பகைக்கு நெய் வார்த்தது. அரசிடம் போய் முறையிடவும் மக்களுக்கு மனம் வரவில்லை. 1960களிலிருந்து 1991 வரை வடகிழக்கு மாகாணமே அவசரநிலைச் சட்டத்தின் பிடியில் கிடந்தது. 1984 பிப்ரவரியில் வஜீருக்கு அருகே வகல்லா விமான ஓடுதளத்தில் டெகோடியா ஆண்களை அடைத்துவைத்துக் கொன்றதும் அரசின் படைகளே. இறந்தவர்கள் 57 பேர் என்றது அரசு. உயிர் தப்பியவர்கள் சொன்ன கணக்கோ ஆயிரக்கணக்கில்.

1993ஆம் ஆண்டின் நடுவில் ஓர் இரவு, டெகா இப்ராஹிம் அப்தி என்ற இளம் தாய் தன் மூத்த மகளை அணைத்தபடி கட்டிலுக்கு அடியில் பதுங்கிக் கிடந்தார். வெளியே பல மணி நேரம் துப்பாக்கிச் சூடு. விடிந்ததும் அவருடைய அம்மா பழைய கதையைச் சொன்னார்: 1966இல் சின்னஞ்சிறு டெகாவை வைத்துக்கொண்டு அவரும் இப்படித்தான் கட்டிலடியில் கிடந்தாராம்.

அதன்பின் சில பெண்கள் கூடினார்கள். பன்னிரண்டு பேர்கூட இல்லை. எதிரெதிர்க் குலத்தவரும் அதில் இருந்தார்கள். எங்கே தொடங்குவது என்று யோசித்தபோது சந்தைதான் கண்ணில் பட்டது. வஜீரில் சந்தையை நடத்துவது பெரும்பாலும் பெண்கள். எந்தக் குலத்துப் பெண்ணும் அங்கே பயமில்லாமல் வாங்கலாம், விற்கலாம் என்று அவர்கள் முடிவுசெய்தார்கள். தினமும் கண்காணிக்க ஆட்களை நிறுத்தினார்கள். குலத்தைச் சொல்லி யாரையாவது ஒதுக்கினாலோ தகராறு செய்தாலோ, பெண்கள் குழு உடனே வந்து தீர்த்துவைக்கும்.

சந்தை அடங்கியது, மேய்ச்சல் வெளியில் சண்டை ஓயவில்லை. அதை நிறுத்தப் பெரியவர்கள் வேண்டும். ஆனால் பெரியவர்களின் சபையில் பெண்கள் உட்கார்ந்து பேசும் வழக்கமில்லை. எனவே மிகச் சிறிய குலத்தைச் சேர்ந்த ஒரு முதியவரை முன்னே நிறுத்தினார்கள். அவரைக் கண்டு எந்தப் பெரிய குலமும் மிரளாது. ‘எதற்காகச் சண்டை போடுகிறோம், இதனால் யாருக்கு லாபம்?’ என்று அவர் கேட்டார். அந்தப் பேச்சுவார்த்தைகளின் பலன்தான் 1993ஆம் ஆண்டின் அல் ஃபதா சமாதானப் பிரகடனம்.

பிறகு இளைஞர்களும் வியாபாரிகளும் சேர்ந்தார்கள். எங்காவது கால்நடைத் திருட்டோ கொலையோ நடந்தால், பெண்களும் பெரியவர்களும் அதிகாரிகளும் அடங்கிய குழு பழிக்குப் பழி தொடங்கும் முன்பே அங்கே போய் நின்றது. 1995இல் இந்த முயற்சிகள் எல்லாம் வஜீர் சமாதான வளர்ச்சிக் குழு என்ற ஒரே குடையின் கீழ் வந்து, மாவட்ட நிர்வாகத்தோடும் இணைந்தன. பக்கத்து மாவட்டங்களும் அதைப் பின்பற்றின. 2007 தேர்தலுக்குப் பிந்தைய கலவரம் ஓய்ந்ததும் நாடு முழுவதும் மாவட்டம்தோறும் சமாதானக் குழுக்கள் அமைக்க முடிவானது. டெகாவுக்கு 2007இல் ‘மாற்று நோபல்’ எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. 2011இல் சாலை விபத்தில் காயமடைந்து அவர் இறந்தார்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். வடகிழக்குக் குலங்கள் 2001இல் செய்துகொண்ட மொடகாஷே உடன்பாடு, கொலைக்கான இழப்பீட்டை மரபுப்படியே வகுத்தது: ஆணுக்கு 100 ஒட்டகம், பெண்ணுக்கு 50. பெண்கள் தொடங்கிவைத்த சமாதானத்தில், பெண்ணின் உயிருக்கு விலை பாதிதான்.